ஒரு சுற்றுச்சூழல் விதியின் செலவை முழுப் பொருளாதார மாதிரியில் கணக்கிடுவது எப்படி

ஓர் ஆலை புகைபோக்கியில் வடிகட்டி பொருத்த வேண்டும் என்று விதி வந்தால், ஆலைக்கு ஆகும் செலவைப் பொறியாளர் சொல்லிவிடுவார். நாட்டுக்கு ஆகும் செலவு அதிலிருந்து வேறுபடும். ஆலை விலையை ஏற்றுகிறது, வாங்குபவர் வேறு பொருளுக்கு மாறுகிறார், கூலியின் வாங்கும் சக்தி கொஞ்சம் குறைகிறது, சேமிப்பு குறைகிறது, அரசின் வரி வருவாய் சுருங்குகிறது. இவற்றையெல்லாம் ஒரே நேரத்தில் தீர்க்கும் கருவிதான் பொதுச் சமநிலை மாதிரி. நார்வே பொருளாதாரத்துக்காக லெய்ஃப் யோகான்சன் 1960இல் வெளியிட்ட மாதிரியை இந்த வகையின் முதல் மாதிரியாகச் சொல்வார்கள்.

மாதிரியை எழுதுவது இன்று பெரிய வேலை இல்லை. மாதிரி எழுதும் கேம்ஸ் மொழியும், அதன் சமன்பாடுகளைத் தீர்க்கும் பாத் சால்வரும் கையில் இருந்தால் சில வாரங்களில் ஒரு நாட்டு மாதிரி ஓடும். பொறியாளர் தந்த செலவை மாதிரி புரிந்துகொள்ளும் வடிவத்துக்கு மாற்றுவதுதான் கடினம். முடிவு தப்பாகிற இடமும் பெரும்பாலும் அதுதான். அதனால் இந்த வழிகாட்டியில் அந்தப் படிக்கே அதிக இடம்.

முதலில்: இந்த மாதிரி தேவையா?

எல்லா விதிக்கும் இது வேண்டாம். ஒரு சிறு துறையை மட்டும் தொடும், விலையை அசைக்காத விதிக்குப் பொறியியல் செலவே போதும். ஒரு சந்தையில் மட்டும் விலை மாறும் என்றால் அந்தச் சந்தையின் தேவை-அளிப்பு மாதிரி போதும். பாதிக்கப்படும் பொருள் பல துறைகளுக்கு உள்ளீடாகப் போகும்போது (மின்சாரம், எஃகு, சிமென்ட், எரிபொருள்), உழைப்பு மூலதனச் சந்தைகளில் ஏற்கெனவே கனமான வரிகள் இருக்கும்போது முழு மாதிரி பலன் தரும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவியல் ஆலோசனைக் குழு 2017இல் தந்த அறிக்கையும் ஏறத்தாழ இதே வரையறையைத்தான் வைத்தது. பிறகு அந்த முகமை சேஜ் என்ற மாதிரியைத் தானே உருவாக்கி, மூல நிரலோடு வெளியிட்டது. முதன்முறை செய்பவர்கள் அதன் நிரலைத் திறந்து படிப்பது நல்ல தொடக்கம்.

தரவு: சமூகக் கணக்கு அணி

சமூகக் கணக்கு அணி என்பது பொருளாதாரத்தில் யார் யாருக்கு எவ்வளவு பணம் தருகிறார் என்ற சதுர அட்டவணை. நாட்டின் அளிப்பு-பயன்பாட்டு அட்டவணையிலிருந்து (எந்தத் துறை எதை உற்பத்தி செய்கிறது, எதைப் பயன்படுத்துகிறது என்ற கணக்கு) தொடங்குங்கள். அதோடு வரிக் கணக்கு, குடும்ப நுகர்வு, அரசுச் செலவு, முதலீடு, ஏற்றுமதி இறக்குமதி ஆகியவற்றைச் சேர்த்து ஒரு சதுர அணியாக்க வேண்டும். ஒவ்வொரு கணக்கின் நிரைக் (கிடை வரிசை) கூட்டலும் நிரல் (செங்குத்து வரிசை) கூட்டலும் சமமாக வர வேண்டும். வெவ்வேறு மூலங்களிலிருந்து எடுத்த எண்கள் முதலில் ஒத்துவராது. எண்களை முடிந்தவரை குறைவாக நகர்த்திக் கூட்டல்களைச் சமமாக்கும் ஆர்.ஏ.எஸ். முறையிலோ குறுக்கு என்ட்ரோபி முறையிலோ சமன் செய்யலாம். சமன் செய்த பிறகு எந்தக் கட்டம் எவ்வளவு நகர்ந்தது என்று பட்டியல் எடுத்துப் பாருங்கள். உங்கள் விதி தொடும் துறையின் கட்டங்கள் 5%க்கு மேல் நகர்ந்திருந்தால் அந்த எண்களை மூலத்திலிருந்து சரிபார்த்துப் பூட்டிவிட்டு, மற்றவற்றை நகர விடுங்கள்.

துறைப் பிரிப்பில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ‘உலோகமல்லாத கனிமப் பொருட்கள்’ என்று அட்டவணையில் ஒரே வரியாக இருப்பதில் சிமென்ட், கண்ணாடி, ஓடு எல்லாம் கலந்திருக்கும். சிமென்டுக்கான விதியை அந்த மொத்தத் துறையின் மேல் போட்டால் விலையேற்றம் நீர்த்துப்போகும், கண்ணாடிக்கும் செலவு ஏறும். தொழிற்சாலைக் கணக்கெடுப்பில் உள்ள உள்ளீட்டுப் பங்குகளை வைத்து அந்த வரியைப் பிரித்தே ஆக வேண்டும்.

ஷாக்கை வடிவமைத்தல்

விதியால் வரும் மாற்றத்தை மாதிரிக்குள் செலுத்தும் வடிவத்தை ஷாக் என்பார்கள். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. சிமென்ட் துறையின் ஆண்டு உற்பத்தி மதிப்பு 1000 அலகு. அதில் மூலப்பொருளும் சேவைகளும் 350, மின்சாரம் 100, எரிபொருள் 150, உழைப்பு 120, மூலதனம் 220, உற்பத்தி வரி 60. விதி சொல்வது: தூசிக்குப் பை வடிகட்டியும், நைட்ரஜன் ஆக்சைடுக்கு அமோனியா தெளிக்கும் அமைப்பும் வேண்டும். கருவிகளின் விலை 50 அலகு, ஆயுள் 15 ஆண்டு. ஓட்டும் செலவு ஆண்டுக்கு 4.5: உழைப்பு 1.5, மின்சாரம் 1.8, அமோனியாவும் மாற்றுப் பைகளும் 1.2. மின்சாரம் ஏன் அதிகம் என்றால், பைகள் வழியே காற்றை இழுக்க விசிறி கூடுதலாக உழைக்க வேண்டும்.

மூலதனச் செலவை முதலில் ஆண்டுக் கணக்காக்குங்கள். வட்டி 7% என்றால் மீட்புக் காரணி (ஓர் அலகு முதலீட்டை ஆயுள் முழுதும் வட்டியோடு மீட்க ஆண்டுக்கு வேண்டிய தொகை) 0.07 ÷ (1 − 1.07 இன் −15ஆம் அடுக்கு) = 0.1098. 50 அலகுக்கு ஆண்டுக்கு 5.49. இதே கணக்கு 3% வட்டியில் 4.19தான். எந்த வட்டியில் கணக்கிட்டது என்று பொறியியல் அறிக்கையில் தேடிப் பிடியுங்கள். அது மாதிரியின் மூலதன வருவாய் விகிதத்தோடு ஒத்துப்போகாவிட்டால் 5.49ஐ எடுக்காமல், 50 அலகிலிருந்து மாதிரியின் விகிதத்தில் நீங்களே மறுபடி கணக்கிட வேண்டும். மொத்த ஆண்டுச் செலவு 5.49 + 4.5 = 9.99. உற்பத்தியில் ஏறத்தாழ 1%.

இங்கே பலரும் எடுக்கும் குறுக்குவழி, ‘துறையின் உற்பத்தித்திறன் 1% குறைந்தது’ என்று ஒரே வரியில் போடுவது. அப்படிச் செய்தால் 9.99 அலகும் துறையின் பழைய உள்ளீட்டு விகிதத்திலேயே பங்கிடப்படும்: மூலப்பொருள் 3.72, மூலதனம் 2.34, எரிபொருள் 1.59, உழைப்பு 1.28, மின்சாரம் 1.06. உண்மையில் வேண்டியது மூலதனம் 5.49, மாதிரிக்குப் போனது அதில் பாதிகூட இல்லை. வடிகட்டிக்கு நிலக்கரியே வேண்டாம், மாதிரியோ 1.59 அலகு எரிபொருளைக் கூடுதலாக எரிக்கிறது. மாசைக் குறைக்கும் விதி மாசைக் கூட்டுவதாக முடிவு வந்து, காரணம் தெரியாமல் நாட்கணக்கில் நிரலைத் தேடுவார்கள். மூலதனம் அதிகம் தேவைப்படும் விதிக்கும் உழைப்பு அதிகம் தேவைப்படும் விதிக்கும் பொருளாதாரம் தரும் பதில் வேறு. அந்த வேறுபாட்டைத்தான் இந்தக் குறுக்குவழி அழித்துவிடுகிறது.

சரியான வழி இது. துறையின் உற்பத்திச் சார்பை (எந்த உள்ளீடுகளிலிருந்து எவ்வளவு உற்பத்தி வரும் என்ற சமன்பாடு) அப்படியே விட்டுவிட்டு, அதன் உச்சியில் நிலையான விகிதத்தில் ஒரு ‘தூய்மைப்படுத்தும் பொதி’யைச் சேருங்கள். ஓர் அலகு சிமென்டுக்கு இவ்வளவு மூலதனம், இவ்வளவு உழைப்பு, இவ்வளவு மின்சாரம், இவ்வளவு வேதிப்பொருள் என்று நான்கு குணகங்கள். இந்தப் பொதிக்குள் பதிலீடு, அதாவது ஓர் உள்ளீட்டுக்குப் பதிலாக இன்னொன்றை வைப்பது, கிடையாது. விசிறிக்கு மின்சாரம் விலையேறினால் அதற்குப் பதிலாக ஆளை வைத்து ஊத முடியாது.

குணகத்தை எழுதும்போது வரியில் கவனம். மாதிரியில் விலை × (1 + வரி) என்றுதான் உள்ளீட்டுச் செலவு இருக்கும். மேலே சொன்ன 220 மூலதனத்தில் 165 உரிமையாளருக்கும் 55 வரிக்கும் போகிறது என்றால் வரி விகிதம் மூன்றில் ஒரு பங்கு. பொறியாளரின் 5.49 வரிக்கு முந்தைய வருவாய் விகிதத்தில் கணக்கிட்டது, அதாவது வரியும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதை அப்படியே அளவாகப் போட்டால் மாதிரி இன்னொரு முறை வரி போட்டு 7.32 ஆக்கிவிடும். 5.49 ÷ 1.333 = 4.12 என்பதுதான் போட வேண்டிய அளவு. உழைப்புக்கும் இதேதான்: 1.5இல் நிறுவனம் கட்டும் 20% சமூகப் பாதுகாப்புத் தொகை சேர்ந்திருந்தால் 1.25.

போட்டபின் ஒரு சோதனை. எல்லா விலைகளையும் உற்பத்தி அளவையும் அடிப்படை நிலையில் பூட்டிவிட்டு, பொதியின் மொத்தச் செலவைக் கணக்கிடுங்கள். 9.99 வர வேண்டும். 11.8, 12 என்று வந்தால் வரி இருமுறை ஏறியிருக்கிறது. இந்தச் சோதனையைத் தாண்டாமல் மேலே போகாதீர்கள்.

பழைய ஆலையும் புதிய ஆலையும்

ஏற்கெனவே நிற்கும் ஆலையில் வடிகட்டி பொருத்திய பின், அந்த 50 அலகு மூழ்கிய செலவு. சிமென்ட் குறைவாக உற்பத்தியானாலும் அது குறையாது. அதனால் பழைய ஆலைக்கு விலையில் ஏறுவது முக்கியமாக ஓட்டும் செலவு 4.5தான். மூலதனப் பகுதி உரிமையாளரின் வருவாயில் கழிகிறது. புதிய ஆலைக்கோ கட்டுமுன் எல்லாச் செலவும் முடிவில் அடங்கும், 9.99 முழுவதும் விலையில் ஏறும். எல்லா மூலதனத்தையும் ஒரே குளமாக வைத்த மாதிரியில் இந்த வேறுபாடு தெரியாது, முதல் ஆண்டுகளின் விலையேற்றம் மிகையாக வரும். மூலதனத்தைப் பழையது, புதியது என்று இரண்டாகப் பிரித்து, பழையது துறை மாற முடியாதபடி வையுங்கள்.

விதி புதிய ஆலைகளுக்கு மட்டும் என்றால் இந்தப் பிரிப்பு கட்டாயம். புதியது விலை ஏறும்போது பழைய ஆலைகளின் மதிப்பு கூடும், மூட வேண்டியவை இன்னும் சில ஆண்டுகள் ஓடும். ஒரே குளம் வைத்த மாதிரி இதைக் காட்டவே காட்டாது.

காலம் ஓடும் மாதிரியில் இன்னொரு பொறி உண்டு. 50 அலகை முதலீடாகவும் போட்டு, 5.49ஐ ஆண்டு வாடகையாகவும் போடுவது. இரண்டும் ஒரே செலவு. ஏதாவது ஒன்றை மட்டும் வையுங்கள்.

அடிப்படைப் பாதை

விதி இல்லாத உலகம் எப்படிப் போகும் என்பதை முதலில் ஓட்டிக் கொள்ள வேண்டும்: மக்கள்தொகை, உற்பத்தித்திறன் வளர்ச்சி, எரிபொருள் விலை, துறைகளின் பங்கு. ஏற்கெனவே அமலில் உள்ள விதிகள் இதற்குள் இருக்க வேண்டும். அட்டவணை எடுத்த ஆண்டிலேயே பாதி ஆலைகளில் வடிகட்டி இருந்தால் அந்தச் செலவு 1000 அலகுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. புதிய விதிக்கு மீதிப் பாதியின் செலவை மட்டுமே போடுங்கள்.

மூடல் விதிகள்

சமன்பாடுகளை விட மாறிகள் எப்போதும் அதிகமாக இருக்கும். எதைப் பூட்டுவது என்பது நீங்கள் எடுக்கும் பொருளாதார முடிவு. அரசுச் செலவை உண்மை மதிப்பில் பூட்டி, வருவாய்க் குறைவைக் குடும்பங்களிடமிருந்து ஒட்டுமொத்தத் தொகையாக (உழைப்பு, சேமிப்பு முடிவுகளைப் பாதிக்காத ஒரே தொகை) எடுப்பது செலவுக் கணக்குக்கு ஏற்ற வழி. அரசுச் செலவு சுருங்க விட்டால் அந்த இழப்பு எந்தக் குடும்பத்தின் நலனிலும் எட்டிப் பார்க்காமல் மறைந்துவிடும். வெளிநாட்டுக் கணக்கின் நிலுவையையும் பூட்டுங்கள். இல்லையென்றால் மாதிரி கடன் வாங்கி இன்றைய செலவைச் சமாளித்துவிடும்.

ஓட்டுவதற்கு முன் சோதனைகள்

ஷாக் இல்லாமல் ஓட்டினால் அடிப்படைத் தரவு அப்படியே திரும்ப வர வேண்டும். அளவுகோலாக வைத்த விலையை இரட்டித்தால் எல்லா விலையும் இரட்டிக்க வேண்டும், அளவு எதுவும் அசையக் கூடாது. மற்ற எல்லாச் சந்தைகளும் சமமானால் கடைசிச் சந்தையும் சமமாகும் என்பது வால்ரஸ் விதி; நீக்கி வைத்த ஒரு சந்தைச் சமன்பாடும் அதன்படி தானாகவே சமமாக வர வேண்டும். ஷாக்கைப் பத்தில் ஒரு பங்காக்கினால் முடிவும் ஏறத்தாழப் பத்தில் ஒன்றாக வேண்டும். அப்படி வராமல் குதித்தால் ஏதோ ஒரு மாறி எல்லையில் முட்டிக்கொண்டிருக்கிறது.

சால்வரின் துல்லியத்தையும் பாருங்கள். குடும்பங்களின் மொத்த நுகர்வு, ஓய்வு நேர மதிப்பையும் சேர்த்து, 9000 அலகு என்றால் பயன் குறியீட்டில் (குடும்ப நலனை அடிப்படை நிலையில் 1 என்று வைத்து அளக்கும் எண்) பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிழையே 0.9 அலகு. நாம் தேடுவதோ 10 அலகை ஒட்டிய விடை. சகிப்பளவை (சால்வர் ஏற்கும் பிழை) 1e-8, அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு, அளவுக்கு இறக்குங்கள்.

விடையைப் படிப்பது

சமூகச் செலவு என்பது குடும்பங்களின் சமான மாறுபாடு: பழைய விலையில் எவ்வளவு பணத்தை எடுத்துக்கொண்டால் இதே நல இழப்பு வரும் என்ற அளவு. பயன் குறியீடு 1இலிருந்து 0.9987 ஆனால் 9000 × 0.0013 = 11.7. மொத்த உள்நாட்டு உற்பத்தியை இதற்குப் பதிலாகச் சொல்லக் கூடாது. வடிகட்டி வாங்கும் முதலீடும் அந்தக் கணக்கில் ‘உற்பத்தி’யாகவே சேரும்; இழந்த ஓய்வு நேரம் அதில் சேராது.

ஆலையின் செலவு 9.99, நாட்டின் செலவு 11.7 என்று வந்தால் இடையில் உள்ள 1.7 எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடிய வேண்டும். ஒரு பகுதி உழைப்பு வரியிலிருந்து வருகிறது. மொத்தக் கூலி 5000, பொருள் விலை ஏறியதால் உண்மைக் கூலி 0.15% குறைகிறது, உழைப்பு அளிப்பின் நெகிழ்ச்சி (கூலி 1% மாறினால் உழைப்பு எத்தனை சதவீதம் மாறும் என்ற அளவு) 0.2 என்றால் உழைப்பு 0.03%, அதாவது 1.5 அலகு குறையும். அதற்கு 30% வரி இருந்தால் 0.45 அலகு இழப்பு. தேவை-அளிப்பு வரைபடத்தில் பார்த்தால், வரி இல்லாத உலகில் இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு முக்கோணம். வரி இருக்கும்போது அது செவ்வகம்; அதனால்தான் சிறு விதியிலும் கணிசமாகத் தெரிகிறது. மூலதன வரி வழியே வரும் இழப்பு இதைவிடப் பெரிதாக இருப்பது வழக்கம், காலம் ஓட ஓட அது கூடும்: இன்று குறைந்த சேமிப்பு நாளை குறைந்த மூலதனம். மைக்கேல் ஹசில்லாவும் ரேமண்ட் காப்பும் 1990இல் அமெரிக்கக் காற்று, நீர் விதிகளுக்குச் செய்த கணக்கில், தொடக்க ஆண்டுகளில் சமூகச் செலவு நேரடிச் செலவுக்குக் கீழே இருந்து பிறகு அதைத் தாண்டியது. அதே ஆண்டு டேல் ஜோர்கன்சனும் பீட்டர் வில்காக்சனும் வெளியிட்ட ஆய்வில் மாசுக் கட்டுப்பாடு வளர்ச்சி விகிதத்தில் ஆண்டுக்குச் சுமார் 0.19 சதவீதப் புள்ளியைக் குறைத்ததாக வந்தது. இரண்டிலுமே பெரும் பங்கு மூலதனக் குவிப்பின் வழியே வந்தது.

இந்தப் பிரிப்பை மாதிரியிலேயே செய்யலாம். வரிகளை எல்லாம் ஒட்டுமொத்தத் தொகையாக மாற்றிய ஒரு போலி அடிப்படையை அமைத்து அதே ஷாக்கை ஓட்டுங்கள். இரண்டு விடைகளுக்கும் உள்ள வித்தியாசம் வரிகளின் பங்கு.

பிறகு நெகிழ்ச்சிகள். உழைப்பு அளிப்பு, மூலதனம்-உழைப்புப் பதிலீடு, உள்நாட்டுப் பொருள்-இறக்குமதிப் பதிலீடு ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பாதியாக்கியும் இரட்டித்தும் ஓட்டுங்கள். மூன்றாவதை ஆர்மிங்டன் நெகிழ்ச்சி என்பார்கள். அது உயரும்போது உள்நாட்டு ஆலைகளின் உற்பத்தி அதிகம் சரியும், நலச் செலவு அவ்வளவாக மாறாது. ஆலை உரிமையாளர் கேட்கும் கேள்விக்கும் நாடு கேட்கும் கேள்விக்கும் ஒரே எண்ணைத் தரக் கூடாது என்பது இங்கே தெளிவாகத் தெரியும். விடையை ஒற்றை எண்ணாக எழுதாமல் இந்த ஓட்டங்களின் வரம்பாக எழுதுங்கள்.

வேலை எண்ணிக்கையை இந்த மாதிரியிடம் கேட்காதீர்கள். உழைப்புச் சந்தை எப்போதும் சமநிலையில் இருப்பதாக எடுத்துக்கொண்ட மாதிரி, எத்தனை பேர் எத்தனை மாதம் வேலையின்றி இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. உள்ளீடு-வெளியீட்டுப் பெருக்கியை (ஒரு துறையின் தேவை கூடினால் மற்றத் துறைகளில் எவ்வளவு கூடும் என்ற எண்) வைத்து ‘வடிகட்டி செய்வதால் இத்தனை வேலை’ என்று சொல்வதும் அதே அளவு தவறு. அந்த ஆட்களும் பணமும் வேறெங்கிருந்தோ வருகின்றன என்பதை அது மறந்துவிடுகிறது.

இதுவரை ஓட்டியது செலவுப் பக்கம் மட்டும். தூசி குறைந்தால் நோய் குறையும், மக்கள் வேலைக்கு வரும் நாட்கள் கூடும், மருத்துவச் செலவு குறையும். இவையும் உழைப்பு அளிப்பிலும் குடும்பச் செலவிலும் நுழையும் ஷாக்குகள்தான். அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தின் 1990 திருத்தங்களை மதிப்பிட்டு 2011இல் வந்த அரசு ஆய்வில், செலவை மட்டும் போட்டு ஓட்டியபோது குடும்ப நலன் குறைந்தது. உடல்நல மேம்பாட்டால் கிடைத்த உழைப்பையும் மருத்துவச் சேமிப்பையும் சேர்த்து ஓட்டியபோது முடிவு திரும்பியது. அதனால் செலவு ஓட்டத்தின் முடிவைத் தரும் அட்டவணையின் தலைப்பிலேயே ‘நன்மைகள் சேர்க்கப்படவில்லை’ என்று எழுதிவிடுங்கள். அடிக்குறிப்பில் போட்டால், அட்டவணை வெட்டி ஒட்டப்படும் முதல் நாளே அந்த வரி காணாமல் போய்விடும்.